அந்த கீசருக்கு யார் பொறுப்பு?

போன டிசம்பரில் கொடைக்கானலில் ஒரு வீட்டை இரண்டு நாளைக்கு எடுத்திருந்தோம். செயலியில் படம் பார்த்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. மறுநாள் காலை குளிக்கப் போன அம்மா வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. கதவை இடித்துத் திறந்தால், சுவரோரம் சரிந்து கிடந்தார். கேஸ் கீசர் குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருந்தது. இருந்த ஒரே ஜன்னலையும் குளிருக்காக பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்திருந்தார்கள். வெளியே தூக்கிவந்து காற்றுப் பட்டதும்தான் கண் திறந்தார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துவிட்டார்.

காற்றோட்டம் இல்லாத அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. 2022 அக்டோபரில் மெக்சிகோ சிட்டியில், ஏர்பிஎன்பி வழியாக எடுத்த வீட்டில் மூன்று அமெரிக்கர்கள் இந்த வாயுவால்தான் இறந்துபோனார்கள். (நாங்கள் எடுத்தது வேறு செயலியில்.)

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன், "நான் சம்பளத்துக்கு இருக்கிறவன் சார்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அம்மாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஓடியவரே அவர்தான். வீட்டுக்காரர், "இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லையே" என்று போனை வைத்துவிட்டார். செயலி நிறுவனமோ, தாங்கள் வெறும் இடைத்தரகர் என்றும் வீட்டுக்காரரிடமே பேசித் தீர்த்துக்கொள்ளும்படியும் மின்னஞ்சல் அனுப்பியது.

முதல் குற்றவாளி வீட்டுக்காரர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. நான் நம்பியது செயலியை. எந்த வீடு மேலே தெரிய வேண்டும், ரத்து செய்தால் எவ்வளவு பிடிக்க வேண்டும், வீட்டுக்காரருக்கு எப்போது பணம் போக வேண்டும் என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பவர்கள், பாதுகாப்பு என்றதும் மட்டும் எப்படி ஒதுங்க முடியும்?

நம் ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத சிறு வீட்டுக்காரர் செயலி வழியாக அறை கொடுத்தால், அந்தச் சேவையைத் தானே கொடுத்ததுபோல வரி கட்ட வேண்டியது செயலி நிறுவனம்தான். வரிக்கு அப்படிச் சொல்ல முடிந்த அரசாங்கம் உயிருக்கும் சொல்லலாமே! பட்டியலில் சேர்க்கும் முன் கீசர் எங்கே இருக்கிறது என்று கேட்கட்டும், குளியலறை ஜன்னல் திறக்கிறதா என்று பார்க்கட்டும். கேஸ் உள்ள வீடு என்றால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்று சொல்லட்டும்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு மாதமும் போய்விட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வீட்டுக்காரர், செயலி இருவர் மேலும் மனு கொடுத்திருக்கிறேன். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் கூப்பிட்டு வழி கேளுங்கள்.

நேற்று இரவு அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். வீடு இன்னும் வாடகைக்கு இருக்கிறது. நான்காவது படம் குளியலறை. அந்த கீசர் அதில் நன்றாகவே தெரிகிறது.