கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தீயணைப்பு வண்டி

போன வருஷம் ஆடி மாசம் ஒரு ராத்திரி எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் இருக்கும் காயலான் கடை குடோன் பற்றிக்கொண்டது. பழைய பிளாஸ்டிக், அட்டை, செம்பு எடுப்பதற்காக மூட்டை மூட்டையாகக் கட்டிப் போட்டிருந்த ஒயர். 101-க்கு போன் போட்டது நான்தான். அந்த அழைப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். 9.47.

ஐந்தாறு நிமிஷத்தில் சைரன் சத்தம் வந்துவிட்டது. வண்டி வரவில்லை. வடசென்னையில் எங்கள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். முதலில் ஒரு கூட்ஸ். அது முழுசாகப் போய் முடிவதற்குள் கும்மிடிப்பூண்டி லோக்கல். சைரன் ஒரே இடத்தில் நின்று அலறுவதை எங்கள் தெருவே மொட்டை மாடியில் நின்று கேட்டது. வண்டி தெரு முனைக்கு வந்தபோது மணி 10.04.

முனையோடு சரி, சந்துக்குள் நுழையவில்லை. இரண்டு பக்கமும் பைக், நடுவில் இட்லி அக்காவின் தள்ளுவண்டி, தலை இடிக்கும் உயரத்தில் கேபிள் ஒயர். வீரர்கள் ஹோஸைத் தோளில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு பித்தளை முனையை இன்னொன்றில் மாட்டித் திருகும்போது ஒருவருக்குக் கை நடுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் தம்பி வயசுதான் இருக்கும். என்னைப் பார்த்துக் கேட்டார்: "அக்கா, உள்ள சிலிண்டர் இருக்கா? என்ன சரக்கு வச்சிருக்காங்க?"

எனக்குத் தெரியவில்லை. பத்தடி தள்ளிக் குடியிருக்கும் எனக்கே தெரியவில்லை. தெருவில் யாருக்கும் தெரியவில்லை. குடோன்காரர் அன்றைக்கு ஊரில் இல்லை. தெரியாமலேதான் அவர்கள் உள்ளே போனார்கள்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு ஆயாவின் தகரக் கூரை வெந்து வளைந்துபோனது. பேத்தியின் மார்க் ஷீட், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திர நகல் எல்லாம் கறுப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. விடியற்காலை வரைக்கும் அந்த அம்மா ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் திண்ணையில் காயவைத்துக்கொண்டிருந்தார்.

வந்த வீரர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கும்பிட்டுத்தான் அனுப்பினோம். என் கோபமெல்லாம் அந்த 17 நிமிஷத்தின்மேலும், அந்தப் பையனின் கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் இல்லாமல் போனதன்மேலும்தான்.

அடுத்து வந்த செப்டம்பர் 15 பகுதி சபைக் கூட்டத்துக்குப் போனேன். வார்டு மக்கள் கவுன்சிலர் முன்னால் குறைகளைச் சொல்ல, வருஷத்துக்கு நாலு முறை நடக்க வேண்டிய கூட்டம் அது. ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. இன்னும் நிறையப் பேருக்கு இது தெரியாது, தயவுசெய்து போங்கள். எழுந்து இரண்டு கேள்வி கேட்டேன். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஏன் ஒரு தீயணைப்பு நிலையம் இல்லை? ஆள் குடியிருக்கிற சந்தில் எரியக்கூடிய சரக்கு வைக்க எந்த விதி அனுமதிக்கிறது, அந்த விதியைக் கடைசியாக யார் எடுத்துப் பார்த்தார்கள்?

முதல் கேள்விக்கு வந்த பதில்: "அது கார்ப்பரேஷன்ல வராதும்மா, ஸ்டேட் கவர்ன்மென்ட்டு." இரண்டாவதற்கு: "லைசென்ஸ் இருக்கான்னு பாக்கறோம்மா." இரண்டு பதிலும் மரியாதையாகத்தான் வந்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குத் தோன்றியது, நான் கேட்டது இரண்டு கேள்வியே இல்லை. ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்பதும் சந்துக்குள் என்ன வைக்கலாம் என்பதும் எங்களுக்கு ஒரே விஷயம். அரசாங்கத்தில்தான் அது வேறு வேறு ஆபீஸ்.

அதற்குப் பிறகு நானே தேடிப் படித்ததை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறை மாநில அரசின் கீழ், 1985-ஆம் வருஷச் சட்டப்படி நடக்கிறது. தொழில் உரிமம் மாநகராட்சி தருகிறது. பெரிய கட்டிடங்களுக்குத் திட்ட அனுமதி சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், தருகிறது. தொழிற்சாலை என்றால் அதற்குத் தனி இயக்குநரகம். வெடிபொருள், பெட்ரோலியம் என்றால் மத்திய அரசின் துறை. ரயில்வே கேட் ரயில்வேயினுடையது. எங்கள் சந்து இந்த ஆறு பேரின் கையிலும் இருக்கிறது. ஆறு பேரும் சேர்ந்து ஒரு நாள்கூட அதில் நடந்து நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு விஷயம் எனக்குப் புதிது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகள் செய்யத்தக்க வேலைகள் என்று 18 இனங்களைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் ஏழாவது தீயணைப்புப் பணி. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில்தான் இருக்கிறது. இங்கேயும் அப்படி மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யார் கையில் இருந்தாலும் சரி. "எங்க டிபார்ட்மென்ட் இல்லை" என்ற பதிலோடு மாநகராட்சி எழுந்து போக முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

விதிகளும் புதிதாகிவிட்டன. 1919-ஆம் வருஷ மாநகராட்சிச் சட்டத்தை வைத்துத்தான் சென்னை நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. 2023-இல் நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் நடைமுறைக்கு வந்தன. கட்டிடங்களுக்கு 2019-ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த விதிகள் இருக்கின்றன. எல்லாம் சரி. எங்கள் சந்தின் அகலம், அதில் தொங்கும் ஒயர், அதில் அடைத்து வைத்த சரக்கு, இவற்றை வைத்து அந்த விதிகளைத் திரும்பப் படித்துப் பார்க்க ஒரு ஏற்பாடு வேண்டாமா? அமெரிக்க நகரங்களில் பலவற்றில் இதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. மாதிரித் தீத்தடுப்பு விதித் தொகுப்பு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பாக வரும். நகர மன்றம் அதை எடுத்து வைத்துக்கொண்டு, மக்களைக் கூப்பிட்டுக் கேட்டு, தன் ஊருக்கு ஏற்பத் திருத்தி ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலும் தீயணைப்புத் துறையும் அதே மன்றத்தின் கீழ் இருப்பதால், விதியைப் படிக்கிறவர்களுக்கு முன்னால் தீயை அணைக்கிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்டேஷன் எங்கே வைப்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு சொல்வது, நகரத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், 5 முதல் 7 நிமிஷத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும். 2011-இல் கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் சேர்ந்த பிறகு மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். வகுத்தால் 42, 43 நிலையம் வரும். ஆனால் அந்த எண்ணிக்கை நிறைந்துவிட்டாலும் என் மனசு ஆறாது. வடசென்னையில் வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டால் அது பொய் சொல்லும்.

எங்கள் ஊரைப் பாருங்கள். சென்ட்ரலிலிருந்து கூடூர் போகும் பாதை நடுவில் கிழிக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் சரக்குப் பாதை இன்னொரு பக்கம் கிழிக்கிறது. பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், அவற்றின்மேல் எண்ணிச் சில பாலம். மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நிற்கும். என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார், அந்த வரிசையில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு விடிந்து வந்து சாப்பிட்டிருக்கிறார். "ஆம்புலன்ஸுக்கு வழி விடணும்னு மனசு இருக்கும், ஒதுங்க இடம் இருக்காது" என்பார். வட்டத்துக்குள் இருக்கிற வீட்டுக்கு வண்டி வரும் என்று யார் சொன்னது? ரயில் பாதையின் இரண்டு பக்கத்தையும் இரண்டு ஊராக நினைத்துத்தான் நிலையம் வைக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கும், ஐப்பசி மழையிலும் வண்டியை நிஜமாக ஓட்டிப் பார்த்து நிமிஷத்தை எழுத வேண்டும். அமெரிக்காவில் ஒரு தரநிலை, ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய முதல் வண்டி 240 விநாடிக்குள் சேர வேண்டும், பத்து அழைப்பில் ஒன்பதுக்காவது அப்படிச் சேர வேண்டும் என்கிறது. நாலு நிமிஷம் நமக்கு இன்றைக்கு எட்டாது. அளந்து பார்ப்பது எட்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இதுதான் என்னைத் தூங்கவிடாதது.

2017 ஜூலையில் கொடுங்கையூரில் மூடியிருந்த ஒரு பேக்கரியில் ராத்திரி தீப்பிடித்தது. அணைக்கப் போனபோது சிலிண்டர் வெடித்தது. ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். வேடிக்கை பார்க்க நின்ற எங்கள் ஜனங்கள், போலீஸ்காரர்கள் என்று 40 பேருக்கு மேல் தீக்காயம். 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் கிடங்கு எரிகிறது என்று கூப்பிட்டதும் பத்துப் பேர் கொண்ட குழு போனது. ஒருவரும் திரும்பவில்லை. உள்ளே இருந்தது 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். அந்த வாரம்தான் நமக்கும் தெரிந்தது, மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் 37 கன்டெய்னர்களில் சுமார் 700 டன் அதே சரக்கு 2015-லிருந்து கிடக்கிறது என்று. சுங்கத் துறை பிடித்து வைத்தது. பெய்ரூட் வெடித்த பிறகு அவசரமாக ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அந்த ஐந்து வருஷமும் அதைச் சுற்றி ஜனங்கள் சமைத்து, தூங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் கிடங்கு என்று உரிமம் வாங்குகிற ஒவ்வொரு இடத்தின் வாசலிலும் தமிழில் ஒரு பலகை வேண்டும் என்கிறேன். உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு, ராத்திரியில் கூப்பிட வேண்டிய போன் எண். அதே தகவல் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் ஒரு பேரேட்டில் இருக்க வேண்டும். தகவல் மாறினால் உரிமம் புதுப்பிக்கும்போது பேரேடும் மாற வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. அந்தப் பையன் அன்றைக்கு என்னைக் கேட்டிருக்க வேண்டியதில்லை, வண்டியில் வரும்போதே தெரிந்திருக்கும்.

இதைச் சொன்னால் ஒரு அண்ணன் கேட்டார், "விதி விதின்னு சொல்லி கடைசியில ஏழைங்கள காலி பண்ணிட்டு கண்ணகி நகர் அனுப்பிடுவாங்களேம்மா?" குடிசைகளைக் காலி செய்தால் கொண்டுபோய் விடும், ஊருக்குத் தள்ளி இருக்கும் குடியிருப்பு அது. நியாயமான பயம். அதை நான் சின்னதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காயலான் கடையில் எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேருக்கு வேலை. தீயைக் காரணம் காட்டி அவர்களைத் துரத்துவதற்கு நான் ஒருநாளும் துணை போக மாட்டேன். விதியைத் திரும்பப் பார்ப்பது என்றால் அந்த ஏழு பேரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். குடோனுக்கு வேறு இடம் தருவதா, சரக்கின் அளவைக் குறைப்பதா, ஒயர் மூட்டையை மட்டும் பிரிப்பதா என்பதை அவர்களோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். தள்ளுவண்டி அக்காவுக்கும் முனையில் ஒரு இடம் குறித்துக் கொடுத்துவிட்டால் அவரே நகர்ந்துகொள்வார், என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இடம் இல்லை என்பார்கள். நாலு வண்டி நிற்கும் பெரிய ஸ்டேஷனுக்கு இடம் இல்லாமல் இருக்கலாம். சந்துக்குள் நுழையும் ஒரு சின்ன வண்டி, ஒரு ஷெட், ஷிஃப்டுக்கு நாலு பேர், இதற்கு கேட்டுக்கு இந்தப் பக்கம் அரசாங்க நிலம் ஒரு துண்டு கிடைக்காதா? சென்னைக்கு 2046 வரைக்குமான மூன்றாவது மாஸ்டர் பிளானைத் தயார் செய்கிறார்கள். அதில் மெட்ரோ, பூங்கா, சாலைக்கு இடம் குறிப்பதுபோல் தீயணைப்பு நிலையத்துக்கும் இப்போதே இடம் குறித்துவிட வேண்டும். குறிக்காமல் விட்டால் இன்னும் இருபது வருஷம் நாங்கள் மொட்டை மாடியில் நின்று சைரன் கேட்போம்.

வருகிற ஏப்ரல் 14 பகுதி சபை. 1944-இல் அதே தேதியில்தான் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலர் இறந்தார்கள். அந்த நாளைத்தான் நாடு முழுக்கத் தீயணைப்புப் பணி நாளாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பக்கத்து ஸ்டேஷன் அதிகாரியையும் எங்கள் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லிக் கவுன்சிலரிடம் மனு கொடுத்திருக்கிறேன். மின்வாரியத்துக்கும் உரிமப் பிரிவுக்கும் நகல் போயிருக்கிறது.

கையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் கொண்டு போகிறேன். மூன்று வாரமாக என் மகள் ட்யூஷன் விட்டு வரும்போது கேட்டருகே நின்று எழுதிவருகிறாள். நேற்றைய பக்கம்: "6.08 போட்டாங்க, 6.21 தொறந்தாங்க. 6.34 போட்டாங்க, 6.43 தொறந்தாங்க." தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர் பக்கம் கேட்டுக்கு அருகே இருக்கிறவர்கள் உங்கள் நேரத்தையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். தேதியும் போட்டு அனுப்புங்கள். ஏப்ரல் 10-க்குள் வந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக ஜெராக்ஸ் போட்டு எடுத்துப் போகலாம்.