முகாமில் விளக்கு அணைத்த பிறகு

குழந்தையை முகாமுக்கு அனுப்பப்போகும் பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். நீச்சல் உண்டா, வில்வித்தை உண்டா, மலையேற்றம் உண்டா, ரோபோ செய்யச் சொல்லித் தருவார்களா? பல கோடை விடுமுறைகளில் தங்கும் முகாம்களில் கவுன்சிலராக, அதாவது குழந்தைகளோடு கூடவே தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்பவளாக, வேலை பார்த்தவள் நான். உங்கள் குழந்தைக்கு முகாம் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை இருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. குளித்து உடை மாற்றும் அரை மணி நேரம், சாப்பாட்டு வரிசை, மைதானத்திலிருந்து அறைக்கு நடந்து வரும் வழி, விளக்கு அணைத்த பிறகு தூக்கம் வரும்வரை கிடக்கும் நேரம். இவற்றுக்கு அட்டவணையில் பெயரே கிடையாது. நிகழ்ச்சிக்கெல்லாம் தனிப் பயிற்சியாளர் வந்துவிடுவார். மிச்ச நேரம் முழுக்கக் கவுன்சிலரின் பொறுப்பு.

அந்தக் கவுன்சிலர் பெரும்பாலும் கல்லூரி விடுமுறையில் வந்திருக்கும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை. குழந்தைகளோடு ஒரே அறையில் படுத்து, அவர்களோடு எழுந்து, அவர்களோடு சாப்பிட்டு, யாருக்குப் பல் ஆடுகிறது, யார் இரண்டு நாளாகக் கழிவறைக்கே போகவில்லை என்பதுவரை தெரிந்து வைத்திருக்க வேண்டும். "சம்பளத்தோடு சுற்றுலாதானே?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. இது சுற்றுலா இல்லை. மற்றவர்கள் பெற்ற குழந்தைகளை நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கும் வேலை.

முதலில் வீட்டு ஏக்கம். பகலெல்லாம் துள்ளித் திரிந்த குழந்தைதான் ராத்திரியில் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பும். ஓடிக்கொண்டிருக்கும்வரை வீட்டு நினைப்பு எட்டிப் பார்க்காது. உடம்பு அசையாமல் கிடக்கும்போதுதான் வரும். இதைத் தைரியக் குறைவு என்று நினைக்கும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தங்கும் முகாமுக்கு வரும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு நாளாவது இந்த ஏக்கம் வரும். "அழாதே, நீ பெரிய பொண்ணுதானே" என்று சொன்னால் அழுகை நிற்காது, சத்தம்தான் நிற்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் இந்நேரம் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேட்பேன். சொல்லட்டும். சொல்லும்போது அழுகை வந்தால் அழட்டும். அப்புறம் மறுநாள் காலை அவள் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சொல்லி வைப்பேன். சும்மா சமாதானத்துக்குச் சொல்லும் வேலை இல்லை, துடுப்புகளை எண்ணி வைப்பது, புதிதாக வந்த பிள்ளைக்கு வழி காட்டுவது மாதிரி நிஜமாகவே ஆள் தேவைப்படும் வேலை. பெரும்பாலும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே தூங்கிவிடுவாள்.

இந்த விஷயத்தில் பெற்றோர் ஒன்றை மட்டும் தவிர்த்தால் பெரிய உதவி. "பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, அப்பா உடனே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். கிறிஸ்டோபர் தர்பர், எட்வர்ட் வால்டன் என்ற இருவர் 2007 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வீட்டு ஏக்கம் பற்றி எழுதிய அறிக்கையும் இதையே வலியுறுத்துகிறது. அந்த வாக்குறுதியைக் கேட்கும் குழந்தை, தன்னால் தாக்குப்பிடிக்க முடியாது என்று அப்பாவே நினைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அந்த போனைத் தவிர வேறு எதிலும் மனம் போகாது. அதற்குப் பதிலாக, முகாமுக்கு முன்பே பாட்டி வீட்டிலோ தோழி வீட்டிலோ இரண்டு நாள் தனியாகத் தங்கவிட்டுப் பழக்குங்கள்.

அடுத்தது, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று: படுக்கையை நனைப்பது. ஏழு வயதில்கூட நூற்றுக்கு ஐந்து முதல் பத்துக் குழந்தைகளுக்கு இது இருக்கிறது. சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. ஆழ்ந்த தூக்கத்தில் உடம்பு எழுப்பத் தவறுகிறது, அவ்வளவுதான். பல குடும்பங்களில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறு வயதில் இருந்திருக்கும். பெற்றோர் வெட்கப்பட்டுக்கொண்டு விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து எழுதுங்கள். எங்களுக்கு முன்பே தெரிந்தால் மாற்று விரிப்பைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்போம். படுக்கப் போகுமுன் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்தே கழிவறைக்கு அழைத்துப் போவோம். மற்றவர்கள் காலைச் சாப்பாட்டுக்குப் போன பிறகு படுக்கையை மாற்றிவிடுவோம். அறையில் இருக்கும் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியாது. தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டப்பெயர் முகாம் முடிந்த பிறகும் போகாது. வில்வித்தைப் பயிற்சியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இங்கே அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

குழந்தைகள் ஒருவரை ஒருவர் நோகடிப்பதும் இந்த இடைவெளிகளில்தான். 1954 இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் ஒரு கோடை முகாமையே ஆராய்ச்சிக்களமாக்கினார். பதினொரு வயதை ஒட்டிய 22 சிறுவர்கள், இரண்டு அணிகள். முகாம் ஊழியர்களாக இருந்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள். போட்டிகள் வைத்து, ஜெயிக்கும் அணிக்குப் பதக்கமும் கத்தியும் பரிசு என்றார்கள். கயிறு இழுக்கும் போட்டியில் தோற்ற அணி மற்ற அணியின் கொடியைக் கொளுத்தியது. பதிலுக்கு அவர்கள் இவர்களுடைய அறைக்குள் புகுந்து சூறையாடினார்கள். பிறகு குடிதண்ணீர் வரத்து நின்றுபோக, இரு அணியும் சேர்ந்து அடைப்பைத் தேட வேண்டியதாயிற்று. கிளம்ப மறுத்த லாரியை, முன்பு போட்டிக்குப் பயன்படுத்திய அதே கயிற்றைக் கட்டி எல்லோரும் ஒரு பக்கமாக நின்று இழுத்தார்கள். பகை மெல்லத் தணிந்தது.

உளவியல் வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லி, மனிதர் கூட்டமாகப் பிரிந்தால் இப்படித்தான் என்று முடித்துவிடுவார்கள். கவுன்சிலராக இருந்து பார்த்த எனக்கு அதில் படுவது வேறு. அங்கே இருந்த பெரியவர்கள் சண்டையைத் தடுக்க வந்தவர்கள் இல்லை, வேடிக்கை பார்த்துக் குறிப்பெடுக்க வந்தவர்கள். சொந்தக் குழந்தையை அப்படி ஒரு முகாமுக்கு யார் அனுப்புவார்கள்? முந்தைய ஆண்டு, 1953 இல், நியூயார்க் மாநிலத்தில் ஷெரிஃப் இதே போன்ற முயற்சியைச் செய்து தோற்றுப்போனார். அங்கே சிறுவர்கள் முதலில் ஒன்றாகப் பழகி நண்பர்களான பிறகுதான் அணி பிரித்தார்கள். ஷெரிஃப் எதிர்பார்த்த சண்டை அவர்களுக்குள் வரவில்லை. எனக்கு இந்தத் தோல்விதான் முக்கியம். முதல் நாளே சிவப்பு அணி, நீல அணி என்று பிரித்துப் புள்ளிப் பலகை மாட்டும் முகாம்கள் எதற்காக அப்படி அவசரப்படுகின்றன என்று எனக்குப் புரியவே இல்லை. இரண்டு, மூன்று நாள் கலந்து பழகவிட்டு அப்புறம் அணி பிரிக்கலாமே. கவுன்சிலர் கேட்டால் மேலாளர் "அட்டவணை அப்படி" என்பார். அட்டவணையை மாற்ற முடியும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூழ்கும் குழந்தை கையை ஆட்டிக் கூச்சல் போடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடக்காது. மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேல் நிற்காதபோது கத்துவது எங்கே? கைகள் தண்ணீரைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருக்கும், அசைத்துக் கூப்பிட முடியாது. இருபது நொடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் நல்ல முகாம்களில் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து இறக்குவார்கள். விசில் ஊதியதும் ஜோடிகள் கைகோத்து உயர்த்திக் காட்ட, தலை எண்ணுவார்கள். உயிர்காப்பாளர் இருக்கிறாரே என்று கவுன்சிலர் கரையில் உட்கார்ந்து போனைப் பார்க்கக் கூடாது. தன் அறைப் பிள்ளைகளில் யார் பயந்தாங்கொள்ளி, யார் தெரியாததையும் தெரியும் என்று சொல்பவன் என்பது கவுன்சிலருக்குத்தான் தெரியும்.

இவ்வளவையும் கவனிக்கும் ஆள் எத்தனை மணி நேரம் தூங்கியிருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. என் மனசில் அதிகம் உறுத்துவது இதுதான். அமெரிக்க முகாம் சங்கம் தங்கும் முகாம்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 6 முதல் 8 வயதுவரை ஆறு குழந்தைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வரை எட்டுக் குழந்தைகளுக்கு ஒருவர். நல்ல கணக்குதான். ஆனால் அந்த ஒருவர் நள்ளிரவில் காய்ச்சல் பிள்ளையோடு விழித்திருந்துவிட்டு விடியற்காலையில் மறுபடி எழுந்தவர் என்றால் அந்தக் கணக்கு தாளில் மட்டும்தான் சரி. ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் 1997 இல் 'நேச்சர்' இதழில் எழுதியபடி, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 24 மணி நேரமானால் 0.10 விழுக்காடு. குடித்தவரை நீச்சல் குளத்தருகே நிற்க விடுவோமா? தூங்காதவரை மட்டும் ஏன் நிற்க வைக்கிறோம்? நான் வேலை பார்த்த ஒரு முகாமில் ஓய்வு நேரம் கேட்டவர்களை "அர்ப்பணிப்பு இல்லை" என்றார்கள். ஓய்வு கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள்.

இன்னொன்று. எந்தக் குழந்தையோடும் எந்தப் பெரியவரும் மூடிய இடத்தில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதியை நல்ல முகாம்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கின்றன. அழும் குழந்தையைத் தேற்றுவதானாலும் மற்றவர் கண்ணில் படும் இடத்தில்தான். இதைக் கவுன்சிலர் மேல் உள்ள சந்தேகம் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். நான் அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை. இந்த விதி தளர்ந்த முகாமில் என் மகளை ஒரு இரவுகூட விடமாட்டேன்.

அதனால் பெற்றோர் கேட்க வேண்டியவை இவை: இரவில் அறைக்குள் யார் படுக்கிறார்? அவருக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தீர்கள், அதில் முதலுதவி உண்டா? வாரத்தில் அவருக்கு முழு ஓய்வு நாள் இருக்கிறதா? அவர் ஓய்வில் போகும்போது குழந்தைகளுக்குத் தெரிந்த முகம் யார் வருவார்? வில்வித்தையைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கோடையில் கவுன்சிலராகச் சேரப்போகும் தம்பி, தங்கைகளுக்கும் சொல்கிறேன். இதே கேள்விகளை வேலையில் சேரும் முன் நீங்களும் கேளுங்கள். தூங்கும் நேரமும் ஓய்வு நாளும் எழுத்தில் இருக்கட்டும். சம்பளத்துக்குப் பதில் சான்றிதழ் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகு, உங்கள் அறைக்கு வரும் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் மனப்பாடம் செய்துவிடுங்கள். அன்று ராத்திரியே தேவைப்படும்.