வெயில் தடிப்பும் ‘இரத்த அழுக்கு’ச் செய்தியும்

வியர்க்கும்போது உடலில் எழும் அரிப்புத் தடிப்புகள் இரத்தத்திலுள்ள நஞ்சு வெளியேறும் அறிகுறி என்றும், மாத்திரை எடுக்காமல் மூன்று நாள் வெயிலில் ஓடினால் அவை அடியோடு தீரும் என்றும் பினாங்குப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. அது தவறு.

பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறும்போதோ, வெந்நீரில் குளிக்கும்போதோ, காரம் உண்ணும்போதோ உடல் சூடேறினால், சிலருக்குத் தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் தற்காப்புச் செல்கள், அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அதனால் கழுத்திலும் மார்பிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவிலான புடைப்புகள், சுற்றிலும் சிவந்து, குத்தலும் அரிப்புமாகத் தோன்றிப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மறைகின்றன. வியர்வைத் துளைகள் அடைபட்டு நாள்கணக்கில் நிற்கும் வேர்க்குரு வேறு.

நிழலுக்கு வந்து உடலைக் குளிரச் செய்வதும், மருத்துவர் பரிந்துரைக்கும் செட்டிரிசின், லொராட்டடின் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளுமே முதன்மையான வழி. படிப்படியாக வியர்க்கப் பழக்கும் முறை உண்டென்றாலும், அது மருத்துவரின் கண்காணிப்பில் நடக்க வேண்டியது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடச் சொல்வதுதான் மிகுந்த கவலை தருகிறது. ஏனெனில் அரிதாகச் சிலருக்கு மூச்சுத் திணறலும் மயக்கமும் நேரும். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள்.

ஐயமிருந்தால் அரசு கிளினிக் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். பரவும் செய்திகளை, மலேசிய அரசின் செய்திச் சரிபார்ப்புத் தளமான செபெனார்ஞா (Sebenarnya.my) இணையத்தளத்திலும் சரிபார்க்கலாம். இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இத்திருத்தத்தையும் இடுங்கள்.