உயரம் மட்டும் காரணமில்லை

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜார்ஜ் மைக்கன் உயரத்தால் மட்டுமே ஜெயித்தார் என்று, அவரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அதை ஏற்க முடியவில்லை. 6 அடி 10 அங்குலம் உண்மைதான். ஆனால் டிபால் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அவர் தடித்த கண்ணாடி போட்ட, கால் தடுமாறும் பையன். பயிற்சியாளர் ரே மேயர் கயிறு தாண்ட வைத்து, நடனம்கூடக் கற்க வைத்துத்தான் அவரை ஆட்டக்காரராக்கினார். வளையத்தின் அடியில் நின்று வலக்கை, இடக்கை என்று மாற்றி மாற்றிப் பந்து போடும் பயிற்சிக்கு இன்றும் மைக்கன் பெயர்தான்.

அப்புறம், மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியில் ஆடிய அவரைத் தடுக்க வழியில்லாமல்தான் 1951இல் வளையத்தின் முன்னால், தாக்கும் வீரர் அதிக நேரம் நிற்கக் கூடாத பகுதியை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தினார்கள். 1950 நவம்பரில் ஃபோர்ட் வேய்ன் அணி பந்தை விடாமல் வைத்துக்கொண்டே லேக்கர்ஸை 19-18 என்று ஜெயித்தது. அந்த 18இல் 15 புள்ளிகள் மைக்கன் எடுத்தவை! பந்து கிடைத்த 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிய வேண்டும் என்ற விதி 1954இல் வந்ததற்கு இப்படிப்பட்ட ஆட்டங்களும் ஒரு காரணம்.

கட்டுரை தொடாத இன்னொன்று: என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஆடி 1965க்கு முன் ஓய்வுபெற்ற வீரர்களின் சொற்ப ஓய்வூதியத்தை உயர்த்தச் சொல்லி, நீரிழிவால் ஒரு காலை இழந்த நிலையிலும் போராடினார். 2005இல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்குச் செலவைப் பிற்காலக் கூடைப்பந்து நட்சத்திரம் ஷகில் ஓ'நீல் ஏற்றுக்கொண்டார். அந்த ஓய்வூதியத்தை அவர் உயிரோடு இருந்தபோதே லீக் உயர்த்தியிருக்க வேண்டும்.