மார்த்தாண்டத்திலிருந்து கணக்கு வேறு

திருவனந்தபுரம் - சென்னை விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நேர்கோட்டில் சுமார் 610 கி.மீ., அது சரி. ஆனால் மார்த்தாண்டத்துக்காரர்களான எங்களுக்குப் பயணம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. களியக்காவிளை தாண்டி, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் ஊர்ந்து விமான நிலையம் சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். செக்-இன் கவுண்டர் 60 நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதால் அதற்கும் முன்னால் அங்கே நிற்க வேண்டும். அப்புறம் மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டிக்காகக் காத்திருப்பு. எல்லாம் சேர்த்தால் 5 மணி நேரத்துக்குக் குறையாது. இருந்தாலும் முதுகுவலியுள்ள என் அம்மாவுக்கு, நாகர்கோவிலிலிருந்து இரவு முழுக்க ரயிலில் போவதைவிட இது எவ்வளவோ மேல். ஓணம் வாரத்தில் போகிறவர்கள் சாலைக்கு இன்னும் அரை மணி நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.