கட்டிலுக்கு அடியில ஒரு ஷூ டப்பா

நாலு வருஷத்துக்கு மேல என் கட்டிலுக்கு அடியில ஒரு ஷூ டப்பா கெடந்துச்சு. ரன்னிங் ஷூ. வாங்குனது ஒரு நவம்பர் மாசம். வாங்குன அன்னைக்கே மாட்டிட்டு கெளம்பியிருக்கலாம்தான, இல்லயே, ஜனவரி ஒண்ணுலேர்ந்துதான ஓடப்போறோம் அதுக்குள்ள எதுக்கு அழுக்காக்கணும்னு அப்படியே மூடி வச்சிட்டேன். ஜனவரியும் வந்துச்சு. மூணு நாள் ஓடினேன், நாலாவது நாள் முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் எலும்பு ஓரமா வலி, அஞ்சாவது நாள் லேசா சளி, ஆறாவது நாள் ஆபீஸ்ல லேட், ஏழாவது நாள் நானே எனக்கு சொல்லிக்கிட்டேன், “சரி இந்த வருஷம் போச்சு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்”. ஜனவரி 7ஆம் தேதி, இன்னும் 358 நாள் மிச்சம் இருக்கு, அய்யா வருஷத்தையே மூடிட்டாரு.

அதுக்கப்புறம் வந்த ஜனவரிக்கெல்லாம் அந்த மூணு நாள் கூட இல்ல. பிளான் மட்டும் இருந்துச்சு. காத்திருக்கிற நாள்ல நம்ம சும்மா இருக்கோம்னு நெனைக்கிறோம், அது தப்பு, அந்த நாளெல்லாம் பிளானுக்குத் தீனி போட்டுட்டே இருக்கோம். நவம்பர்ல “டெய்லி அரை மணி நேரம் நடக்கணும்”னு ஆரம்பிச்சது டிசம்பர் நடுவுல “காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடணும்”னு ஆகும், டிசம்பர் 31 ராத்திரி பாத்தா ஓட்டம், ஜிம், 100 புஷ்அப், அதுக்கு ஒரு எக்ஸெல் ஷீட்டு, கலர் கலரா கட்டம். இதை எப்ப ஆரம்பிக்கிறோம்? ராத்திரி ஒரு மணிக்கு மேல படுத்துட்டு, வருஷத்துலயே மோசமா தூங்கி எந்திரிக்கிற அந்த ஒரு காலைல. இன்னொரு கூத்து என்னன்னா, ஒண்ணாம் தேதிலேர்ந்து திருந்தப்போறோம்ங்கிற தைரியத்துல டிசம்பர் முழுக்க இருக்கிற கொஞ்சநஞ்ச நடையையும் விட்டுடுவோம். போருக்குப் போறவன் முந்தின மாசம் முழுக்க படுத்தே கெடந்த மாதிரி.

நான் ஒருவழியா ஆரம்பிச்சது ஒரு செப்டம்பர் 17, புதன்கிழமை. அந்தத் தேதிக்கு எந்த விசேஷமும் கெடயாது. அன்னைக்கு லிஃப்ட் ஓடல, அவ்வளவுதான். நாலு மாடி. மூணாவது மாடி திருப்பத்துல கைப்பிடியப் புடிச்சிட்டு நின்னேன், காதுக்குள்ள நெஞ்சு அடிக்குது, வாயத் தொறந்துதான் மூச்சு விட முடியுது. மேல் வீட்டு அம்மா ஒருத்தங்க, எழுபது வயசுக்கு மேல இருக்கும், கைல பையோட இறங்கி வந்தாங்க, என்னைப் பாத்துட்டு நின்னு, “என்ன தம்பி, கொஞ்சம் உக்காந்துக்கிறீங்களா?”ன்னு கேட்டாங்க. கிண்டலா கேட்டிருந்தா கூட பரவால்ல. நெஜமான அக்கறையோட கேட்டாங்க.

வீட்டுக்குப் போன கையோட டப்பாவ இழுத்தேன். ஷூவோட மூக்குல நான் திரும்பத் திணிச்சு வச்ச காகிதம் அப்படியே இருக்கு, ஈரம் உறிஞ்சுற அந்தக் குட்டிப் பொட்டலம் கூட உள்ள இருக்கு. மாட்டிட்டு தெருமுனை வரைக்கும்தான் போயிருப்பேன், வலது கால் சோல் பின்னாடி பொளந்து தொங்குது, உள்ள இருந்த நுரை மாதிரி பொருள் காஞ்ச மண்ணு கணக்கா உதிருது. அப்புறம்தான் தெரிஞ்சுகிட்டேன், பாலியூரித்தேன் போட்ட சோல் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி தானா சிதைஞ்சு போகுமாம், போட்டாலும் போடலைன்னாலும். புத்தம் புது ஷூ, மூணு நாள் ஓடினதுக்கே செத்துப்போச்சுன்னு சொல்லணுமா, ஓடாததால செத்துப்போச்சுன்னு சொல்லணுமா தெரியல. அன்னைக்கு செருப்பு போட்டுட்டு ஏழு நிமிஷம் நடந்துட்டு வந்தேன். வந்து ஒரு நாற்காலில உக்காந்து எந்திரிக்கிறது, கைய ஊனாம பத்து தடவ. எட்டாவது தடவ கை தானா தொடைய ஊனிருச்சு, நாற்காலி கிறீச்னு பின்னாடி நகந்துருச்சு. அவ்வளவுதான் முதல் நாள்.

இப்ப புது வருஷக் கட்சிக்காரங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். 2014ல ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ்னு மூணு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, புது வருஷம், புது மாசம், புது வாரம், பொறந்தநாள் இதெல்லாம் தாண்டின உடனே ஜனங்க ஜிம்முக்குப் போறது கூடுதுன்னு. பழைய கணக்கை மூடிட்டு புது நோட்டு தொறந்த மாதிரி ஒரு உணர்ச்சி. சரிதான், எனக்கும் அது உண்டு. ஆனா அதுலயே பாருங்க, வாரத்துக்கும் அந்த வேலை நடக்குது. அப்படின்னா வருஷத்துக்கு 52 திங்கக்கிழமை ஓசில இருக்கு, நம்ம எதுக்கு ஒத்த ஜனவரிய மட்டும் கட்டிப் புடிச்சிட்டு அழணும்?

அந்தத் தேதியே ஆளுங்க நகத்தி வச்ச தேதிதான். இங்கிலாந்துல 1752க்கு முன்னாடி சட்டப்படி வருஷம் பொறந்தது மார்ச் 25ல. மாத்தினப்ப 1751ங்கிற வருஷம் மார்ச் 25ல ஆரம்பிச்சு டிசம்பர் 31லயே முடிஞ்சு போச்சு. அந்த வருஷம் “புது வருஷத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன்”னு சொல்லிட்டு மார்ச் வரைக்கும் நேரம் இருக்குன்னு நெனச்சவன் பாவம். நமக்கு ரவுண்டா ஒரு நம்பர் கெடச்சா போதும், கும்புட ஆரம்பிச்சிடுவோம். டெய்லி 10,000 அடி நடக்கணும்னு சொல்றாங்களே, அதுவும் 1965 வாக்குல ஜப்பான்ல வித்த ஒரு அடி எண்ணுற கருவியோட பேருலேர்ந்து வந்ததுதான், அந்தப் பேருக்கே பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூட ரெண்டு நாள் தசைக்கு வேலை குடுக்கிற பயிற்சி. 150ஐ ஏழால வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு 22 நிமிஷம் கூட வரல. முன்னாடி ஒரே மூச்சுல பத்து நிமிஷமாவது செஞ்சாதான் கணக்குல சேரும்னு இருந்துச்சு, 2020ல அதையும் எடுத்துட்டாங்க. மாடி ஏறுற மூணு நிமிஷமும் கணக்குதான். இதுக்கு எந்த எக்ஸெல் ஷீட்டும் வேணாம்.

இன்னொரு கணக்கு எனக்கு ரொம்பப் புடிச்சது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வச்சு ஒரு பழக்கம் எவ்வளவு நாள்ல தானா வர ஆரம்பிக்குதுன்னு பாத்தாங்க, 2010ல அச்சுல வந்துச்சு. ஆளுக்கு ஆள் 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம், நடுவாந்திரமா 66 நாள். இப்ப நீங்க அக்டோபர் 27ஆம் தேதி, அது எந்தக் கெழமையா இருந்தா என்ன, ஆரம்பிச்சா 66ஆவது நாள் சரியா டிசம்பர் 31. ஊரே அடுத்த நாள் மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போது உங்களுக்கு அது பல்லு தேய்க்கிற மாதிரி ஆகியிருக்கலாம். அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு, நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல. இதை யாராவது அந்த ஜனவரி 7ஆம் தேதி எனக்கு சொல்லியிருக்கலாம்.

அந்தக் காலு வலியும் இப்பதான் புரியுது. மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிடும், எலும்பும் தசைநாரும் மெதுவாதான் பழகும், அதனால ரெண்டாவது வாரத்துல “அட நமக்கு முடியுதே”ன்னு தோணுற அந்த நேரத்துலதான் அடி விழும். நான் ரெண்டாவது வாரம் வரைக்கும் கூட போகல, வருஷக்கணக்கா சும்மா கெடந்த காலை மொத நாளே அரை மணி நேரம் தரைல அடிச்சா அது வேற என்ன செய்யும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இன்னொண்ணு, வலி அன்னைக்கு வராது, அடுத்த நாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் உச்சத்துல இருக்கும், அதுவும் மாடி ஏறுறப்ப விட இறங்குறப்ப அதிகமா தெரியும். அது சாதாரணம், சில நாள்ல போயிரும். நெஞ்சு வலி, தலைசுத்தல் மாதிரி எதாவது இருந்தா, இல்ல ஏற்கனவே இதயத்துல பிரச்சினை இருந்தா, டாக்டரைப் பாத்துட்டு ஆரம்பிங்க, இதுல வீரம் வேணாம். இன்னொரு நல்ல சேதி, முதல் சில வாரத்துல கூடுற பலம் தசை பெருத்ததால இல்ல, நரம்பு இருக்கிற தசையவே இன்னும் நல்லா கூப்பிட்டு வேலை வாங்கக் கத்துக்குது. அதனால கண்ணாடில ஒண்ணும் தெரியாது, நாற்காலிதான் சொல்லும். எனக்கு மூணாவது வாரம் கையே தொடைக்குப் போகல.

நடுவுல விட்டேனா? விட்டேன். காய்ச்சல்ல ஒரு பதினோரு நாள் போச்சு. பழைய ஆளா இருந்தா ஜனவரிக்கு டோக்கன் போட்டிருப்பான். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பாதி மனசோட, மறுபடி ஏழு நிமிஷத்துலேர்ந்து. சொவத்துல கை வச்சு செஞ்ச புஷ்அப் அப்புறம் மேஜை ஓரத்துக்கு இறங்கி இப்ப தரைக்கு வந்திருக்கு, தரைல ஆறு, ஆறாவதுல முதுகு வளையுது, அதை நான் எண்ணிக்கைல சேத்துக்கிறேன். யாரும் பாக்கல.

வேலை குறையட்டும், வீடு மாறட்டும், குழந்தை பெருசாகட்டும்னு சொல்றதும் இந்த ஜனவரியோட சொந்தக்காரங்கதான். அலை எப்ப ஓயும், தலை எப்ப முழுகுறது. ஆனா ஒண்ணு சொல்லணும், ரெண்டு வேலை பாத்துட்டு, வீட்ல முடியாதவங்களையும் பாத்துக்கிறவங்க கிட்ட போய் “மனசு இருந்தா மார்க்கம்”னு பேசுறவங்கள கண்டா எனக்கு எரிச்சல் வரும். அவங்களுக்கு நேரம் நெஜமாவே இல்ல. நான் சொல்றது என்னை மாதிரி, ராத்திரி ஒரு மணி நேரம் போன்ல அடுத்தவன் ஓடுறதப் பாத்துட்டு, நேரம் இல்லைன்னு சொன்ன ஆளுங்களுக்கு.

நேத்து ராத்திரி நண்பன் ஒருத்தன் போன் பண்ணான். “டேய், நல்ல ஷூ ஒண்ணு சொல்றா, வாங்கி வச்சிக்கிறேன்”னான். எப்ப ஓடப்போறன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம், அப்புறம் சிரிச்சான். உன் கட்டிலுக்கு அடியில எவ்வளவு எடம் இருக்குன்னு கேட்டேன்.