பேக்கப் எடுத்தாயா இல்லையா, ஒரே மாதிரிச் சொல்லித் தொலை!

விடிய ஆறரைக்கே முதலாளியின் போன். "தம்பி, ராத்திரி பேக்கப் எடுபட்டதோ?" திருகோணமலை டவுனில் மருந்துக்கடை, உவர்மலையிலும் நிலாவெளியிலும் கிளைகள். மூன்று கடையின் பில் டேட்டாபேஸும் என் பொறுப்பு. இரவில் ஒரு கருவி அவற்றின் பிரதியை பேக்கப் எடுத்து வைத்து, நடந்ததை லாக் என்ற பதிவுப் பைலில் எழுதும். ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிய வேண்டிய கேள்விக்கு லாக்கைத் திறந்து அரை மணித்தியாலம் துப்புத் துலக்க வேண்டியிருக்கிறது.

பேக்கப் ஓடுவது இரவு 1.15க்கு. பைலின் பெயரில் 12ஆம் தேதி. லாக்கிலோ 11ஆம் தேதி, 19:45! பெயருக்கு நம்முடைய நேரம், லாக்குக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கிய யூடிசி என்ற உலகப் பொது நேரம். அதையாவது கருவியைச் செய்தவர்கள் பக்கத்தில் எழுதினார்களா? இல்லை. மின்னஞ்சலில் வரும் சுருக்கத்தில் இன்னொரு கூத்து, மாதம் முன்னுக்கு வருகிறது. 03/04 என்றால் நான் மார்ச் என்று எடுப்பதா, ஏப்ரல் என்று எடுப்பதா? தேதி எழுத ஐஎஸ்ஓ 8601 என்று ஒரு ஒழுங்கு 1988இலேயே வந்துவிட்டது ஐயா!

அளவும் அப்படித்தான். ஒரு வரியில் 1.2 ஜிபி, அடுத்த வரியில் வெறும் பைட். ஓரிடத்தில் ஆயிரத்தால் வகுக்கிறது, இன்னோரிடத்தில் 1024ஆல். ஒரு ஜிபிக்கு 7 கோடியே 37 இலட்சம் பைட் இடிக்கும். டேட்டா தொலைந்துவிட்டதோ என்று எத்தனை காலை நெஞ்சு பதறியிருக்கிறேன்.

சரி, அதைக்கூடப் பொறுக்கலாம். பிழையைச் சொல்லும் விதத்தைத்தான் மன்னிக்கவே முடியாது. ஓரிடத்தில் 'எரர்' முழுக்கப் பெரிய எழுத்தில், இன்னோரிடத்தில் சின்ன எழுத்தில். சொல் தேடித் தரும் க்ரெப் கட்டளையில் நான் தேடியது பெரிய எழுத்தை. சின்ன எழுத்தை அது கண்டுகொள்ளவில்லை. நிலாவெளிக் கடைக்கு ஒன்பது நாள் பேக்கப்பே இல்லை. பத்தாம் நாள் அங்கே கொம்பியூட்டர் படுத்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கடையில் நிற்கும் பிள்ளை ஒன்பது நாள் பில் துண்டுகளையும் மேசையில் பரப்பி, மங்கிய எழுத்தை லைட்டுக்குக் கிட்டப் பிடித்து வாசித்து, ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தாள். எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டேட்டாபேஸைப் பிரதி எடுக்கும் இன்னொரு கருவியான மைஎஸ்கியூஎல்டம்ப்பைப் பாருங்கள். ஒழுங்காக முடிந்தால் பைலின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று நேரத்தோடு எழுதிவிடும். அந்த வரி இல்லையா, பாதியில் நின்றுவிட்டது. அவ்வளவுதான் நான் கேட்பதும். எல்லா வரிக்கும் ஒரே தேதி முறை, ஒரே அளவு, பிழைக்கு ஒரே சொல்.

இதைத்தான் எங்கள் பேக்கப் கருவியைச் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். "அது வெறும் தோற்றம் சம்பந்தப்பட்டது, பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தது. தோற்றமாம்! நிலாவெளிக்கு வந்து அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.